ஓட்டுச் சில்லு

மகளுக்கு ஏதென்ஸில் மூன்று நாள் கருத்தரங்கு.
அவள் பேசப் போன நேரத்தில்
பழைய சந்தைத் திடலைப் பார்க்கப் போனேன்.
வேறெதைப் பார்ப்பான் வெங்காய வியாபாரி?

தூண்கள் துண்டு துண்டாய்க் கிடந்தன,
லாரியிலிருந்து இறக்கி
எண்ணாமல் விட்ட மூட்டைகளைப் போல.
இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் என்று எழுதிய பலகையில்
ஒரு பூனை முதுகைத் தேய்த்தது.
கோயில் குன்றின் மேலே.
வேண்டாம் என்றது முழங்கால்.

வெயிலுக்கு ஒதுங்கித்தான் அருங்காட்சியகத்துக்குள் போனேன்.
மூக்கில்லாத சிலைகளைத் தாண்டினால்
கண்ணாடிக்குள் உடைந்த பானை ஓடுகள்,
ஒவ்வொன்றிலும் கீறிய பெயர்.
யாருக்கோ வழிகாட்டி சொன்னதை
ஓசியில் கேட்டு நின்றேன்:

ஊருக்கு ஆகாதவன் என்று பட்டால்
அவன் பெயரை ஓட்டில் கீறிப் போடுவார்களாம்.
அதிகம் விழுந்தவன்
பத்து நாளில் கிளம்ப வேண்டும், பத்து வருஷத்துக்கு.
ஒரு கிணற்றில் நூற்றுத் தொண்ணூறு சில்லு கிடைத்ததாம்.
எல்லாவற்றிலும் ஒரே பெயர்.
எழுதிய கைகள் பதினான்குதான்.
முன்கூட்டியே எழுதி வைத்தது,
கூட்டத்தில் கொடுப்பதற்கு.

எனக்குப் பிடரி வேர்த்தது.

கீழமாரட் வீதி. மண்டி மாடி.
கடையடைப்பு வாரத்தில்
பின்வாசல் வழியாகச் சரக்கை விற்றுவிட்டான் சோணைமுத்து.
மனைவிக்கு ஆபரேஷன் என்றான்.
யார் வீட்டில் இல்லை செலவு என்றோம்.
ஓட்டுப் போட்டே தீர்த்துவிடலாம் என்றார் பொருளாளர்.
பேரேட்டின் பின்தாள்களைக் கிழித்து
என் பக்கம் தள்ளினார்,
என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால்.
இருபத்தாறு சீட்டு எழுதினேன்.
ணகரத்துக்கு முன்னால் துதிக்கை போட்டு
பழைய ‘ணை’ எழுதுகிற பழக்கம் எனக்கு.
இருபத்தாறு துதிக்கை.
எண்ணும்போது அவன் எதிரேதான் உட்கார்ந்திருந்தான்.
என் கையெழுத்து அவனுக்குத் தெரியாதா,
முப்பது வருஷம் பில் வாங்கியவனுக்கு?

பத்து வருஷம் முடிந்தால் திரும்பி வரலாமாம் அங்கே.
வீட்டையும் நிலத்தையும் யாரும் தொட மாட்டார்களாம்.
கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னாள் வழிகாட்டி.
எங்கள் சங்கத்தில் அப்படியொரு விதி எழுதவில்லை.
இது பதினோராவது வருஷம்.
அவன் கடையில் இப்போது பூண்டு இறங்குகிறது.

“என்னப்பா பார்த்தீங்க?” என்றாள் மகள் ராத்திரி.
பூனை, என்றேன்.

ஊர் திரும்பி மாதம் ஒன்றாகியும்
அந்த ஓடுகள் போகவில்லை.
ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி
சிலைமான் தாண்டி இறங்கி
கீழடிக்கு நடந்தேன். நல்ல வெயில்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நானும் ஒருவன்.

இங்கேயும் கண்ணாடி. இங்கேயும் ஓடு,
கறுப்பும் சிவப்புமாய்.
குச்சி குச்சியான எழுத்தில் ‘ஆதன்’.
அடியில் எழுதியிருந்ததால் படித்தேன்.
ஆதன் என்ன குற்றம் செய்தான் என்று
ஒரு நிமிஷம் தேடினேன்.

ஒன்றுமில்லை.
பானை அவனுடையது, அவ்வளவுதான் இருக்கும்.
பந்தியில் மாறிவிடக் கூடாதென்று
எவர்சில்வர் குடத்தில் நாம் பெயர் வெட்டுகிறோமே, அதுபோல.
அதே மண், அதே கூர்முனை.
அங்கே போ என்றது.
இங்கே என்னது என்கிறது.
ஒரு பையன் கண்ணாடியில் மூக்கை அழுத்தி
‘ஆதன்! ஆதன்!’ என்று கூப்பிட்டான்,
விளையாட வரச் சொல்வதைப் போல.

வாசல் மேசையில் பார்வையாளர் ஏடு.
நூல் கட்டிய பேனா.
பெயர், ஊர் எழுதுங்கள் என்றாள் அந்தப் பெண்.
எழுதினேன்:
சோணைமுத்து, வெங்காய மண்டி, கீழமாரட் வீதி, மதுரை.
துதிக்கையோடு.
இருபத்தேழாவது தடவை.

ஏட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.
இது என்ன எழுத்து, ஐயா?
பழைய ணை, என்றேன்.
சிரித்தாள்.
“சோணைமுத்து ஐயா, இன்னும் ஒரு கூடம் இருக்கு.
பார்க்காம போறீங்களே” என்றாள்.

அவள் கை காட்டிய பக்கம்
திரும்பி நடந்தேன்.